பாய்லர் ரூம் பஞ்சு

கே.கே. நகர்,
6 நவம்பர் 2025

பிரசாத் அண்ணனுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டு வாசலில் நின்று கத்தியதை என் மாமியார் கேட்டார், மாடி வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்கூடக் கேட்டார். "கூடப் பொறந்தவளே சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டா" என்று நீ போட்ட சத்தத்துக்கு, மறுநாள் பால் பாக்கெட் போட வந்தவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார். அதனால்தான் உன் நம்பரை பிளாக் செய்தேன். கடிதத்தில் கத்தினால் எனக்கு மட்டும்தான் கேட்கும். உன் பக்கத்து வீட்டுக் காவேரி அத்தை எப்படியும் எங்கள் தெருவுக்கு மீன் விற்க வருகிறாள். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

நடந்ததை ஒரு தடவை வரிசையாகச் சொல்கிறேன். அன்றைக்கு நீ என்னைப் பேசவே விடவில்லை. தி. நகர் கல்யாண மண்டபத்தை வாங்கிய கம்பெனி, இடிப்பதற்கு முன்னால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் ஆபீஸைக் கேட்டது. ஆபீஸ் என்னை அனுப்பியது. இடிக்கிற காண்ட்ராக்ட் உன்னுடையது என்று அங்கே உன்னைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். சுவரைக் குடைந்தேன், சீலிங்கைத் திறந்தேன், தரையைப் பெயர்த்துப் பார்த்தேன், சந்தேகப்பட்டதில் எல்லாம் நகத்தளவு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பினேன். ரிசல்ட் வந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லி எழுதினேன். என் அண்ணன் காண்ட்ராக்டர் என்பதற்காக எழுதாமல் இருந்திருக்க வேண்டுமா?

சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே இருக்கிற சிமெண்ட் ஷீட்டைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை. உடைக்காமல் முழுசாக இறக்கினால் அதை ஒரு மாதிரி சமாளிக்கலாம். சமையல்கட்டுக்குப் பின்னால் பாய்லர் ரூமில், நீராவி போகிற பைப்புகளைச் சுற்றி சாம்பல் வெள்ளையில் பஞ்சு மாதிரி கட்டியிருந்ததே, அதுதான் விஷயம். நான் முதல் தடவை போனபோது அது அப்படியே இருந்தது. ரிசல்ட்டோடு திரும்பிப் போனபோது பைப்பெல்லாம் மொட்டையாக நின்றது. தரையை யாரோ சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள்.

அந்தப் பஞ்சு எங்கே போனது? நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். இதற்கு மட்டும் பதில் சொல்.

ஜெசிந்தா


பட்டினப்பாக்கம்,
8 நவம்பர் 2025

மேடம் ஜெசிந்தா அவர்களுக்கு,

இடிக்கிற கூலிக்காரன் பிரசாத் எழுதிக்கொண்டது. அண்ணன் என்று எழுதினால் உங்கள் வீட்டில் யாராவது படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வார்களோ என்னவோ. நேற்றே அனுப்பியிருப்பேன். வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம் மீன் ஓடாது என்று அத்தை வீட்டில் படுத்துக்கொண்டாள்.

ஆபீஸ் அனுப்பியது, போனேன் என்கிறாய். நல்லது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை டிரெஸ், மூஞ்சியில் மாஸ்க், கையில் தண்ணி பாட்டில். விண்வெளிக்குப் போகிறவள் மாதிரி நீ வந்து நின்றபோது என் ஆட்கள் சிரித்தார்கள். "அது என் தங்கச்சிடா, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி" என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அந்த நாய்ப்பயல் பிரசாத்துக்கு நல்லா வேண்டும். ஒரே வாரத்தில் அந்தத் தங்கச்சி எழுதிப் போட்ட காகிதத்தைக் காட்டி, கம்பெனி மேனேஜர் என்னை ஆட்கள் முன்னாலேயே கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். இந்தத் தொழிலுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் பெரிய கட்டடம் அது. இதுவரைக்கும் சந்துக்குள் ஒற்றை வீடு இடித்துக்கொண்டிருந்தவன் நான். உனக்கு அது தெரியாதா?

ஒன்று தெரிந்துகொள். இடிக்கிறவன் ஓனருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், காம்பவுண்டுக்குள் இருக்கிற கதவு, ஜன்னல், கம்பி, கக்கூஸ் பேசின், துருப்பிடித்த ஆணி எல்லாம் இடிக்கிறவனுக்குத்தான் சொந்தம். ஊரில் எல்லா இடிப்புக்காரனும் அப்படித்தான் பிழைக்கிறான். அதை வண்டி வைத்து நாங்கள் எடுத்தால் திருட்டு கிடையாது. பைப்பில் சுற்றியிருந்ததும் அதில் சேர்ந்ததுதான். என் பொருள் எங்கே போனது என்று கேட்க நீ யார்? தெரிந்துதான் ஆக வேண்டும் என்றால் கேள். குப்பையில் போடவில்லை. நல்ல காரியத்துக்குப் போயிருக்கிறது.

இன்னொன்று. அவ்வளவு பெரிய விஷம் என்கிறாயே. நீ பாய்லர் ரூமில் துண்டு வெட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் கூலிக்கு வருகிற தேவானை உன் பக்கத்திலேயே பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சின்னப்பையன் பைப்புக்கடியில் உட்கார்ந்து டீ குடித்தான். நீ என்ன சொன்னாய்? "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றாய். அவ்வளவுதான். மாஸ்க் உன் மூஞ்சிக்கு மட்டும்தானே இருந்தது? இதைக் கேட்கத்தான் அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். கோபத்தில் வேறு என்னென்னவோ கத்திவிட்டேன்.

பிரசாத்


கே.கே. நகர்,
10 நவம்பர் 2025

பிரசாத் அண்ணனுக்கு,

தேவானை விஷயத்தில் நீ சொன்னது சரி. லேப் ரிசல்ட் வராமல் ஆட்களைப் பயமுறுத்தக் கூடாது என்று ஆபீஸில் சொல்லிவைத்திருக்கிறார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சந்தேகம் இருக்கிறது, அந்த அறைக்குள் யாரையும் விடாதீர்கள் என்று அன்றைக்கு மத்தியானமே மேனேஜருக்கு ஈமெயில் போட்டேன், இங்கிலீஷில். அவர் அதைத் திறந்தாரோ இல்லையோ. பக்கத்தில் நின்றவளிடம் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நினைத்துத் தினமும் எரிகிறேன். ஆனால் என்மேல் தப்பு இருப்பதால் உன்மேல் இருப்பது கழிந்துபோகாது.

அது பஞ்சு கிடையாது அண்ணா. கல். பூமியிலிருந்து வெட்டி எடுத்த கல்லை நூலாகப் பிரித்து அப்படி ஆக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற அந்த நூல் உதிர்ந்து உதிர்ந்து, தலைமுடியைவிட எவ்வளவோ மெல்லியதாக, கண்ணுக்கே தெரியாததாகக் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் குத்திக்கொள்ளும். இருமினாலும் வெளியே வராது, உள்ளேயே கரையவும் கரையாது. சிமெண்ட் ஷீட்டில் அது சிமெண்டுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பைப்பில் சுற்றியிருப்பது அப்படி இல்லை. தொட்டாலே உதிரும். பார்க்க வெள்ளையாக இருந்தாலும், அந்த மண்டபத்தில் இருந்தது பழுப்பு வகை என்று லேபில் சொல்லியிருக்கிறார்கள். இருப்பதிலேயே மோசமானவற்றில் அது ஒன்று.

நல்ல காரியம் என்கிறாய். உன் நல்ல காரியங்கள் எனக்குத் தெரியும். வெள்ளம் வந்தபோது இடித்த வீட்டுக் கதவுகளையெல்லாம் கொண்டுவந்து தெருவில் படுக்கப் போட்டு, எல்லோரையும் அதன்மேல் நடக்கவைத்தவன் நீ. மனசு பெரிசுதான். ஆனால் எதையும் யாரையும் கேட்கமாட்டாய். யாருடைய மெத்தையில் அடைத்தாய்? யாருடைய கூரையில் போட்டாய்? எழுது.

ஜெசிந்தா


பட்டினப்பாக்கம்,
12 நவம்பர் 2025

ஜெசி,

சரி, கேட்டுக்கொள். கேட்டுவிட்டு வெட்கப்படு.

நம் வரிசையில் மீன் விற்கிற பொம்பளைகள் எல்லோரும் தெர்மாகோல் பெட்டியைத்தான் நம்பியிருக்கிறார்கள். அது ஷேர் ஆட்டோவில் நாலு தடவை ஏற்றி இறக்கினால் ஓரம் பேர்ந்துபோகும். பத்து மணிக்கெல்லாம் ஐஸ் தண்ணியாகிவிடும். மத்தியானத்துக்கு மேல் மீன் கண் கலங்கிப்போய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவார்கள். நீயும் அந்த மீனைத் தின்று வளர்ந்தவள்தான். பாய்லர் ரூமில் பைப்பைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று தோன்றியது. கொதிக்கிற நீராவிச் சூட்டை வெளியே விடாத பஞ்சு, வெளிச்சூட்டை மட்டும் உள்ளே விட்டுவிடுமா?

மண்டபத்து பிளைவுட் கதவுகளை அறுத்து வெளிப்பெட்டி செய்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பஞ்சு. முதல் பெட்டியைக் காவேரி அத்தைக்குக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்டி, "டேய் பிரசாத்து, ஐஸு இன்னும் கல்லு மாதிரி கீதுடா!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். அப்புறம் ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லோருக்கும் சும்மாதான் கொடுத்தேன், யாரிடமும் கை நீட்டவில்லை. யாரையும் தொட விடாமல் எல்லாப் பெட்டியையும் நானே அடைத்தேன். கடல் காத்தில் பஞ்சு பறக்கிறது என்று பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து அடைத்தேன்.

கடலுக்குப் போகாமல் கடப்பாரை எடுத்தவன் என்று என்னை இந்தத் தெரு எப்படிப் பார்த்தது என்று உனக்குத் தெரியும். கடலைப் பார்த்துப் பயந்தவன் என்று நம் நைனாவே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அதே நைனா வலை பின்னுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எம் புள்ள செஞ்ச பொட்டி" என்கிறார். லாசர் மகன் என்று என்னைக் கூப்பிட்டவர்கள், இப்போது அவரைப் பிரசாத் அப்பா என்கிறார்கள். கம்பெனிக்காரன் குப்பை என்று புதைத்திருப்பான். நான் அதை நம் ஜனங்களுக்கு உபயோகமாக்கினேன். இதில் என்ன கெட்டுவிட்டது?

சந்தேகம் இருந்தால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற அத்தையின் பெட்டியைத் திறந்து பார். காலையில் போட்ட ஐஸ் அப்படியே இருக்கும்.

பிரசாத்


கே.கே. நகர்,
12 நவம்பர் 2025

அண்ணா,

அத்தை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கிளம்புவதற்குள் இதை எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கும்.

பார்த்தேன். ஐஸ் அப்படியேதான் இருக்கிறது. ஐஸ் தண்ணி பட்டுப் பட்டு உன் பிளைவுட் ஊதி, கீழ்மூலையில் வாய் பிளந்திருக்கிறது. அதன் வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. என்னிடம் வஞ்சிரம் விலை சொல்லிக்கொண்டே அத்தை அதை விரலால் உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டு விரலைச் சேலையில் துடைத்தாள். அதே முந்தானையால் மூஞ்சியைத் துடைத்தாள். என் கண் முன்னால், அண்ணா. நான் கத்தியதைக் கேட்டு மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

என் வேலைப் பையிலிருந்த ஸ்பிரே பாட்டிலால் தண்ணி தெளித்து அந்த மூலையை நனைத்தேன். பிளாஸ்டிக் சுற்றி டேப் போட்டேன். அத்தை சிரிக்கிறாள். "இன்னாடி, பொட்டிக்கு ஜொரமா? பிளாஸ்திரி போட்டுக்கினு கீற!" பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போ, புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். முகம் மாறிவிட்டது. "பிரசாத்து ஆசையா குட்த்தது. அண்ணன் தங்கச்சி சண்டைல எம் பொழப்புல கைய வைக்காத" என்கிறாள். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் நான் இதைச் சொல்வதாகத்தான் அவளுக்குப் படுகிறது. இதற்கும் நீதான் காரணம். நம் சண்டையைத் தெருவுக்கு இழுத்தவன் நீ.

இன்றைக்கே எல்லாப் பெட்டியையும் திரும்ப வாங்கு. எதையும் பிரிக்காதே, உடைக்காதே. ஈரச் சாக்கு போட்டு மூடி, பெரிய பிளாஸ்டிக் ஷீட்டில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டு. கடலில் போடாதே. எரிக்காதே, அது எரியாது. உன் பின்னறையைத் துடைப்பத்தால் பெருக்கவே பெருக்காதே. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் போட்டுக் கட்டு. வாங்கி வைத்தால் எடுத்துப்போக நான் ஏற்பாடு செய்கிறேன். செய்.

ஜெசிந்தா


பட்டினப்பாக்கம்,
15 நவம்பர் 2025

ஜெசிந்தாவுக்கு,

செய்யமாட்டேன்.

மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ சொல்கிற மாதிரி விஷம் என்றால், எங்கே, ஒருத்தராவது இருமட்டும் பார்ப்போம். அத்தை இருமவில்லை, தேவானை இருமவில்லை, நான் இருமவில்லை. நானாவது சிகரெட் பிடிக்கிறவன், காலையில் கொஞ்சம் இருமுவேன். அதுவும் எப்போதும் இருக்கிறதுதான். நைனா இத்தனை வருஷம் சிமெண்ட் ஷீட்டுக்கடியில்தான் படுத்துத் தூங்குகிறார். தகரம் போட்டால் உப்புக் காத்து தின்றுவிடும் என்று இந்தக் கரையில் எல்லோர் தலைக்கு மேலேயும் அதுதான். அரசாங்கம் அதைக் கடையில் விற்க விட்டிருக்கிறதா இல்லையா? கொல்கிற சரக்கைக் கடையில் விற்பார்களா?

கே.கே. நகரில் கான்கிரீட்டுக்கடியில் படுத்துக்கொண்டு உனக்கு நாங்கள் சாப்பிடுவது, படுப்பது, தொடுவது எல்லாமே விஷமாகத் தெரிகிறது. செம்பியனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து பார்க்கிறேன், இங்கே வந்தால் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிடுகிறாய்.

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல பெயர் கிடைத்தது. வீடு வீடாகப் போய், "நான் குடுத்தது விஷம், திருப்பிக் குடுங்க" என்று கேட்கச் சொல்கிறாய். அதற்குப் பதில் நேராகக் கடலிலேயே போய் விழச் சொல்லியிருக்கலாம். இனிமேல் அத்தையிடம் கடிதம் கொடுத்தனுப்பாதே. அவளையும் பேஜார் பண்ணாதே.

பிரசாத்


கே.கே. நகர்,
17 நவம்பர் 2025

பிரசாத் அண்ணனுக்கு,

இருமினால் நல்லதாயிற்றே! இப்போதே இருமினால் எல்லோரும் பயந்துபோய் நான் முந்தி நீ முந்தி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். இது இருமாது. இருபது வருஷம், முப்பது வருஷம் சத்தமே காட்டாமல் இருக்கும். அப்புறம் ஒரு நாள் மாடிப்படி ஏற முடியாது. அன்றைக்கு டாக்டர், "நீங்க எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்பார். "மீன் வித்தேன்" என்று சொல்வாள் அத்தை. உன் பெட்டி யாருக்கும் ஞாபகத்திலேயே இருக்காது.

கடையில் விற்கிறார்கள் என்பது உண்மைதான். விற்க விட்டவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. கொல்லட்டும் என்று அவர்கள் விட்டதை நீ சும்மா கொடுத்துப் பெயர் வாங்கியிருக்கிறாய்.

கை கழுவுவதைப் பற்றி எழுதியிருக்கிறாய். தினமும் இந்தச் சனியனைத் தொட்டுவிட்டு வருகிறேன், கழுவாமல் நைனா தட்டில் கை வைக்கச் சொல்கிறாயா? எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நான் சாந்தோமுக்கு வருகிறேன். பூசை முடிந்து நம் தெரு ஜனம் மொத்தமும் வெளியே வரும். அங்கேயே நின்று சொல்லப்போகிறேன். என் வாயால் கேட்டால் உன்மேல் காறித் துப்புவார்கள். உன் வாயால் கேட்டால் திட்டுவார்கள். ஞாயிறு வரைக்கும் நேரம் தருகிறேன். இதை எடுத்துப்போக அத்தை மாட்டேன் என்றுதான் சொன்னாள். கெஞ்சிக் கொடுத்திருக்கிறேன்.

ஜெசிந்தா


பட்டினப்பாக்கம்,
22 நவம்பர் 2025

ஜெசி,

இதைச் சின்னப்பையன் கொண்டுவந்து கொடுப்பான். அத்தை என் கடிதத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் மிரட்டலுக்குப் பயந்து எதுவும் செய்யவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். புதன்கிழமை, மண்டபத்தில் விட்டுவிட்டு வந்த கடப்பாரையையும் சுத்தியலையும் எடுக்கலாம் என்று நானும் சின்னப்பையனும் போனோம். கம்பெனி வேறு ஆட்களைப் போட்டிருக்கிறது. உன்னை மாதிரியே வெள்ளை டிரெஸ். பாய்லர் ரூமைச் சுற்றி பிளாஸ்டிக் கட்டி, கயிறு போட்டு யாரும் கிட்டப் போகாமல் வைத்திருந்தார்கள். நாங்கள் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிற வேப்பமரத்தடி மண்ணை நனைத்து நனைத்துச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். மூலையில் தேவானையின் துடைப்பம் சாத்தி வைத்திருந்தது. ஒருத்தன் அதை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துத் தூக்கி ஒரு பைக்குள் போட்டான். அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு வாயைக் கட்டினான். சின்னப்பையன் என் முகத்தைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, தொடப்பத்துக்கே இப்டின்னா, அத்த புட்ச்சவளுக்கு?" என்று கேட்டான்.

மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். இவ்வளவு தெரிந்த நீ, என் தங்கச்சி ஈமெயில் போட்ட அன்றைக்கே எங்களை ஏன் வெளியே அனுப்பவில்லை என்று சட்டையைப் பிடித்தேன். பிடித்த கையை மெதுவாக விலக்கிவிட்டு, "உள்ள இருக்கறதெல்லாம் உங்களுதுன்னு நீங்கதானே சொன்னீங்க பிரசாத்?" என்றான். செருப்பைக் கழற்றினேன். சின்னப்பையன் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வியாழக்கிழமை முழுக்க வீடு வீடாகப் போனேன். நீ நினைக்கிற மாதிரி கிடையாது. யாரும் திட்டக்கூட இல்லை, சிரித்தார்கள். "வேற ஆளுக்கு விக்கப் போறியா?" என்று கேட்டாள் ஒருத்தி. இன்னொருத்தி பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அத்தைதான் கதவையே திறக்கவில்லை. கடைசியில் நேற்றுக் காலை, மீன் ஏலம் நடக்கிற இடத்தில், எல்லோரும் இருக்கும்போது நின்று சொன்னேன். "எனுக்கு ஒண்ணியும் தெரியாம செஞ்சுட்டேன். அது பஞ்சு இல்ல, நோவு. என் தங்கச்சி அப்பவே சொன்னா, நான் கேக்கல" என்றேன். நைனா எழுந்து போய்விட்டார். வலையைக்கூட எடுக்கவில்லை.

அத்தை பெட்டியோடு வந்தாள். என் காலடியில் வைத்தாள். உள்ளே இருந்த ஐஸ் தண்ணியை மொண்டு என் தலையில் ஊற்றினாள். "ஒரு மாசமா இத்த மடில வச்சிக்கினு ஆட்டோல போனேன்டா. உன்ன நான் கேட்டனா? வந்து குடுன்னு கேட்டனா?" என்றாள். அதற்கு அப்புறம் என்னோடு பேசவில்லை.

பெட்டி எல்லாம் வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே சாக்கு போட்டு, சுற்றி, டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "எங்களுக்கு இன்னா ஆவும்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ நாளைக்கு வருகிறாய். வந்து பதில் சொல்.

பிரசாத்


கே.கே. நகர்,
24 நவம்பர் 2025

அண்ணா,

நேற்று நான் வந்தபோது நீ வீட்டில் இல்லை. கலங்கரை விளக்கம் பக்கம் போயிருப்பதாக நைனா சொன்னார். வேண்டுமென்றே போயிருக்கிறாய். என் முகத்தைப் பார்க்கப் பயம். அதனால் இதையும் எழுதித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

பெட்டிகளை இன்று காலை வேன் வந்து எடுத்துப் போய்விட்டது. உன் பின்னறையையும் கழுவித் துடைத்துவிட்டார்கள். மண்டபத்திலிருந்து போன சரக்கு கம்பெனியின் பொறுப்புதான் என்று நானும் விடாமல் கத்தினேன். எடுக்கவில்லை என்றால் பட்டினப்பாக்கம் பெயரையும் ரிப்போர்ட்டில் சேர்த்து எழுதுவேன் என்றதும் வேன் வந்தது. ஆபீஸில் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும்.

உன் ஜனத்துக்கு நான் சொன்ன பதில் இது. தெரியாது என்றேன். பெட்டி மூடியிருந்தவர்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது என்றேன். மூலை பிளந்திருந்தவர்கள் டாக்டரிடம் இதைச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளட்டும் என்றேன். தேவானைக்கும் சின்னப்பையனுக்கும் கம்பெனி செலவில் செக்கப் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன். தேவானை கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள். அதுவும் சரிதான். காவேரி அத்தை மட்டும் சிரித்தாள். "முப்பது வருசம் கய்ச்சா? அதுக்குள்ள நானே செத்துப் பூடுவேன் போடி" என்றாள். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது.

எல்லோரும் கேட்டார்கள். நீ மட்டும் உனக்கு என்ன ஆகும் என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. எழுதியிருக்கிறாய் பார், பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாப் பெட்டியையும் நானே அடைத்தேன் என்று. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அத்தை ஞாபகம் வரவில்லை, தேவானை ஞாபகம் வரவில்லை. காத்தே போகாத அந்த அறையில், அந்தத் தூசிக்கு நடுவில், பனியனோடு நீ உட்கார்ந்திருக்கிறதுதான் கண் முன்னால் நின்றது. இந்தத் தெருவிலேயே அதிகமாக மூச்சில் வாங்கியவன் நீதான். அதை எழுதப் பயந்துகொண்டு ஒவ்வொரு கடிதத்திலும் மற்றவர்கள் பெயரையே எழுதினேன். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தப் பயம்தான். மீதிப் பாதி நிஜமான கோபம், அது இன்னும் போகவில்லை. போகும் என்று எதிர்பார்க்காதே.

உனக்கு முப்பத்தாறு வயது. அத்தை மாதிரி சிரித்துக்கொண்டு அதுக்குள்ள செத்துப்போவேன் என்று நீ சொல்ல முடியாது. அப்போது உனக்கு அறுபத்தாறுதான் ஆகியிருக்கும். இன்றிலிருந்து நீ சிகரெட்டைத் தொடக்கூடாது. இந்தத் தூசியும் சிகரெட்டும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பாக்கெட்டில் இருக்கிறதை இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் போடு. அப்புறம் வருஷா வருஷம் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் படத்தை இந்த வாரமே எடுத்துவிட வேண்டும். பின்னால் ஏதாவது மாறினால் தெரிவதற்கு அது வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பேன். லீவு போட்டுவிட்டேன். நீ வரவில்லை என்றால் நேராகப் பட்டினப்பாக்கம் வந்து, நைனா, அத்தை, தெரு எல்லோரும் பார்க்கச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். நான் விடமாட்டேன்.

உன் தங்கை,
ஜெசி